மெஹர் எடுத்த முதல் விள்ளல்

வெளியூர் போய்விட்டு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என் வலது கை அம்மாவின் மூக்குக்குப் போய்விடும். வாசற்படியில் நிற்க வைத்து, மணிக்கட்டைப் பிடித்து, ஐந்து விரல்களையும் விரித்து, நகக்கண் வரைக்கும் முகர்ந்து பார்ப்பாள். அவளுடைய மூக்குத்திக் கல் என் உள்ளங்கையில் சில்லென்று உரசும். "எங்கன வச்சுத் தின்ன?" என்பது முதல் கேள்வி. "என்ன தின்ன?" என்பது இரண்டாவது. "அந்தக் கடையில வேற என்னவெல்லாம் போடுதான்?" என்பதுதான் உண்மையான கேள்வி, முதல் இரண்டும் அதற்காக என்னைத் தயார் செய்வதற்கு. மூன்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகே வீட்டுக்குள் காலை வைக்கலாம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் சைவ வீடுகள் இருபதாவது இருக்கும். எல்லா வீட்டு அம்மாக்களும் வெளியிலிருந்து வந்த பிள்ளைகளைக் கைகால் கழுவச் சொல்வார்கள். கையை முகர்ந்து பார்த்தது எங்கள் அம்மா மட்டும்தான்.

அப்பாவின் முறை வேறு. தாலுகா அலுவலகக் குமாஸ்தாவான அவர், ஓட்டலுக்குள் நுழைவதற்கு முன் கட்டடத்தை ஒருமுறை சுற்றி வருவார். பின்வாசலில் பூனை உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய முதல் சோதனை. பூனை இருந்தால் அது சைவ ஓட்டல் இல்லை, பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பூனை இல்லையென்றால் உள்ளே போய், சாம்பார் வாளியை முகர்ந்து, பரிமாறுகிறவரிடம், "அண்ணாச்சி, அடுப்படியை ஒரு எட்டுப் பாத்துக்கிடட்டா?" என்று கேட்பார். ஒருமுறை திருச்செந்தூரில் கோயிலுக்குப் போய்விட்டு நாங்கள் பசியோடு ஓர் ஓட்டலில் உட்கார்ந்தபோது, கல்லாவில் இருந்தவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்ததைப் பார்த்து அம்மா திருப்திப்பட்டாள். அப்பா திருப்திப்படவில்லை. "இவ்வளவு பூசியிருக்கான்னா என்னத்தையோ மறைக்கான்" என்று சொல்லி எங்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் பேருந்து நிலையத்தில் வாழைப்பழம் தின்றோம்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் சந்தேகப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இன்றைக்கும் ஓட்டலில் தண்ணீர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவள்தான் நான். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், கோ-கோ குழுவோடு ஊர் ஊராகப் போய் ஓட்டல்களில் சாப்பிட்ட அந்தச் சில மாதங்களைப் பற்றி நினைக்கும்போது மட்டும், நான் யாரைச் சந்தேகப்பட்டேன், எதற்காகச் சந்தேகப்பட்டேன் என்பதைச் சொல்ல இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டேனே என்று வெட்கமாக இருக்கிறது.

எங்களுடையது மிஷன் பள்ளிக்கூடம். செம்மண் மைதானமும் வேப்பமரமும், ஊதல் கழுத்திலிருந்து இறங்காத கிரேஸ் டீச்சரும் எங்கள் குழுவின் மூலதனம். என்னோடு எப்போதும் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஜாஸ்மின், அவள் அப்பாவும் அம்மாவும் ஆசிரியர்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் வீட்டில் என்ன கறி என்பதைத் திங்கட்கிழமை காலை முதல் மணிக்குள் எங்களுக்குச் சொல்லிவிடுவாள். இன்னொருத்தி மெஹர். காயல்பட்டினத்துக்காரி. வாப்பா துபாயில் வேலையாக இருந்தார். இவள் பாளையங்கோட்டையில் சாச்சா வீட்டில், அதாவது சித்தப்பா வீட்டில், தங்கிப் படித்தாள். ஓட ஆரம்பித்தால் அவள் முக்காட்டின் நுனிதான் எதிரணிக்காரியின் கைக்கு அகப்படும், அவள் அகப்பட மாட்டாள். எங்கள் குழு ஜெயித்த ஆட்டங்களில் பாதி அவள் ஒருத்தியால் ஜெயித்தவை.

ஸ்ரீவைகுண்டம், அம்பாசமுத்திரம் என்று ஆட்டத்துக்குப் போன இடங்களில் எல்லாம் மற்றவர்கள் ஓட்டலில் சுடச்சுடச் சாப்பிடுவார்கள். நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா கட்டிக் கொடுத்த தயிர்ச்சோற்றைத் தின்பேன். புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றும் வாசனை வரும். அது என் சோற்றின் மேல் படிந்துவிடுமோ, வீட்டில் அம்மா கண்டுபிடித்துவிடுவாளோ என்று தூக்குவாளி மூடியால் சோற்றை மறைத்துக்கொள்வேன். ஜாஸ்மின் சிரிப்பாள். "ஏட்டி, வாசனை தின்னா பாவமாட்டி?" என்பாள். மெஹர் சிரிக்க மாட்டாள். அவளும் கண்ட இடத்தில் கறி தின்னாதவள். கடைக்காரர் யார், கறி எங்கே வாங்கினது என்று விசாரித்த பிறகே வாயில் வைப்பாள். விசாரிக்கிற வழக்கம் இரண்டு வீட்டிலும் இருந்ததால்தானோ என்னவோ, எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

அந்த வருடப் போட்டி திருச்செந்தூரில் நடந்தது. மூன்று சனிக்கிழமைகள் ஆட்டம், நான்காவது சனிக்கிழமை இறுதி ஆட்டம். மத்தியானத்தோடு ஆட்டம் முடிந்துவிடும், எங்கள் ரயில் சாயங்காலம்தான். நடுவில் இருந்த நேரத்துக்கு மெஹர் ஒரு யோசனை சொன்னாள். டவுன் பஸ்ஸில் காயல்பட்டினம் போய், அங்கே சாப்பிட்டுவிட்டு, அந்த ஊர் ஸ்டேஷனிலேயே ரயில் ஏறிவிடலாம். கிரேஸ் டீச்சருக்கும் நாக்கு கொஞ்சம் நீளம். உடனே சரி என்றுவிட்டார்.

மெஹர் கூட்டிக்கொண்டு போன கடை, பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஓலைச் சாய்ப்புப் போட்ட சின்னக் கடை. நாலு பெஞ்சு, தெருவைப் பார்த்து ஒரு பெரிய இரும்புக்கல், அதன் முன்னால் பனியனோடு நின்ற மாஸ்டர். அவரை எல்லோரும் 'காக்கா' என்றார்கள். அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று மெஹர் சொன்னாள். மாவு உருண்டையைத் தட்டி, இரண்டு கையாலும் பிடித்து அவர் காற்றில் வீச, அது ஈரத்துணி உதறுகிற சத்தத்தோடு விரிந்து விரிந்து, அதன் வழியாகத் தெரு தெரிகிற அளவுக்கு மெல்லிசாகிக் கல்லில் விழும். நாலு பக்கமும் மடித்து, எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டால் 'வீச்சு'. நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி மடித்தால் 'முட்டை வீச்சு'. பெரியவர்கள் சால்னா ஊற்றித் தின்பார்கள். எங்கள் வயதுப் பிள்ளைகள் மேலே சீனியைத் தூவிக்கொள்வார்கள். சூட்டில் சீனி பாதி இளகிப் பாதி நறநறவென்று இருக்கும்.

"ஒனக்கு முட்டை இல்லாம வெறும் வீச்சு போடச் சொல்லுதேன் கோமு. சீனி மட்டும்" என்றாள் மெஹர். கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று, கல்லைத் துடைக்க வைத்து, கரண்டியைக் கழுவ வைத்து, என் வீச்சு வெந்து முடிகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. தட்டு வந்தது. நான் தொடவில்லை. ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தேன். பிறகு மொத்தத்தையும் இரண்டு கையாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து மஞ்சளாக எங்காவது தெரிகிறதா என்று பார்த்தேன். சீனி முழுவதும் என் பாவாடையில் கொட்டியது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எப்பிடி இருந்தா முட்டைன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்? நீதான் தின்னதே இல்லையே" என்று ஜாஸ்மின் கேட்டாள். நியாயமான கேள்வி. என் சந்தேகத்தில் அப்படி ஓர் ஓட்டை இருப்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. மெஹர்தான் அதற்கு வழி கண்டுபிடித்தாள். கையை நீட்டி என் தட்டிலிருந்து ஒரு விள்ளல் பிய்த்து, வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, தீர்ப்புச் சொல்கிறவள் மாதிரித் தலையை ஆட்டினாள். "ஒண்ணும் இல்ல புள்ள. நம்பித் தின்னு" என்றாள்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. காக்கா கடையிலோ திருச்செந்தூர் ஓட்டலிலோ என் முன்னால் எது வந்தாலும் முதல் விள்ளல் மெஹருடையது. ரசவடையானாலும் சரி, சேமியா பாயசமானாலும் சரி. அவள் கை வந்து போகிற வரைக்கும் நான் என் கையை மடியிலேயே வைத்திருப்பேன். டீச்சர்கூட, "மெஹர், கோமதிக்குப் பாத்தாச்சா?" என்று கேட்கத் தொடங்கினார். தயிர்ச்சோற்றை நான் ரயிலில் வரும்போது ஜன்னல் வழியாகக் காக்கைக்குப் போட்டுவிட்டு, வாளியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா கையை முகர்ந்தாள். "எண்ணெய் வாடை அடிக்கி" என்றாள். வடை தின்றேன் என்றேன். வடை எந்தக் கடை என்று கேட்டாள். இல்லாத ஒரு கடையைச் சொன்னேன். அம்மா தன் மூக்கு பொல்லாதது என்று நம்பிக்கொண்டிருந்தாள். அதை ஏமாற்றிய சந்தோஷத்தைத் திங்கட்கிழமை மெஹரிடம் நடித்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்றாவது சனிக்கிழமையும் ஜெயித்தோம். இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம் என்ற கும்மாளத்தோடு காக்கா கடைக்குப் போனோம். கடையை ஒட்டி ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. மெஹரின் வாப்பா மாதத்தில் ஒருநாள் அந்த எண்ணுக்குத்தான் துபாயிலிருந்து பேசுவாராம். அன்றைக்கு உம்மாவும் தங்கைகளும் அங்கே வந்து காத்திருந்தார்கள். எனக்கும் தனக்கும் வீச்சு சொல்லிவிட்டு, மெஹர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அவள் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, சிரித்தபடியே கண்ணைத் துடைத்தது எனக்கு இங்கிருந்து தெரிந்தது. ஜாஸ்மின் டீச்சரோடு அடுத்த பெஞ்சில் இருந்தாள்.

இரண்டு தட்டுகள் வந்தன. இரண்டிலும் சீனி. மெஹருக்கு முட்டை வீச்சிலும் சீனி தூவித் தின்னப் பிடிக்கும், அதனால் பார்வைக்கு இரண்டும் ஒன்று. தட்டு கொண்டுவந்தவர் எதையும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார். நான் காத்திருந்தேன். பூத்தில் இன்னும் பேச்சு முடியவில்லை. சீனி இளகிக்கொண்டிருந்தது, ஆட்டத்தில் ஓடிய பசி வேறு. என் பக்கமாக இருந்த தட்டை இழுத்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன்.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. முட்டையின் ருசி தெரியாதவளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று கேட்கலாம். இது என்னுடையது இல்லை என்று தெரிந்தது. கடந்த இரண்டு சனிக்கிழமையும் தின்றதைவிட மெத்தென்று, உள்ளே ஏதோ ஒன்று கனமாக, நாக்கின் பின்பக்கத்தில் இதுவரை அறியாத ஒரு வாடையோடு இருந்தது. துப்பியிருக்கலாம். காக்காவைக் கூப்பிட்டிருக்கலாம். குறைந்தபட்சம் மெஹர் வரும்வரை நிறுத்தியிருக்கலாம். நான் இரண்டாவது விள்ளல் எடுத்தேன். பிறகு மூன்றாவது. தட்டில் ஒட்டியிருந்த சீனியை விரலால் வழித்து நக்குகிற வரைக்கும் நிறுத்தவில்லை. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்: நன்றாக இருந்தது.

மெஹர் வந்தாள். கண் சிவந்து, முகம் மலர்ந்து இருந்தாள். வாப்பா பெருநாளைக்கு வருகிறாராம். சொல்லிக்கொண்டே மிச்சமிருந்த தட்டிலிருந்து பிய்த்து வாயில் போட்டவள் மெல்வதை நிறுத்தினாள். அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு என் காலித் தட்டைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் மஞ்சளாகப் பொட்டளவு ஒன்று இருந்தது. அதைத் தன் விரலால் துடைத்துக் கீழே உதறினாள். காக்காவிடம் போய் அரை எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள்.

"இத வச்சுக் கையத் தேச்சுக் கழுவு. ஒங்கம்மா மூக்கு பொல்லாததுன்னு நீதான சொன்ன" என்றாள்.

அந்த எலுமிச்சம்பழம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. பாளையங்கோட்டை ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போய் வாசற்படியில் கையை நீட்டியதும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஒருநாளும் இல்லாம இன்னைக்கு எதுக்குட்டி எலுமிச்சம்பழம்?" என்றாள். ஜூஸ் குடித்தேன் என்றேன். "ஜூஸ் குடிச்சா வாயில அடிக்கணும். கையில எதுக்கு அடிக்கி?" என்றாள். மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி இறுகியது. அப்பா நாற்காலியில் இருந்து எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார். அம்மா மறுபடியும் முகர்ந்தாள். எலுமிச்சைக்குக் கீழே எதையோ அவள் மூக்கு தேடிப் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

"மெஹர்தாம்மா குடுத்தா. எனக்குத் தெரியாம தட்ட மாத்திக் குடுத்திட்டா. முட்டைன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த அழுகை நடிப்பு இல்லை என்பதால் அம்மா நம்பினாள். ஜாஸ்மின் பெயரைச் சொல்லியிருந்தால் அம்மா இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். மெஹர் பெயரைச் சொன்னதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. ஓட்டல் வாசலில் பூனையைத் தேடுகிறவர், சொந்த மகள் சொன்னதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்க்கவில்லை. யார் பெயரைச் சொன்னால் உடனே நம்புவார்கள் என்று பதினான்கு வயதில் எனக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லித்தராமலே தெரிந்திருக்கிறது. எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு பூசிப் படுக்க வைத்தார்கள்.

திங்கட்கிழமை அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கிரேஸ் டீச்சரின் அறையில், பந்துகளும் வலைகளும் கிடந்த மூலையில் நான் நின்றேன். மெஹரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"நாங்க சைவம்னு தெரிஞ்சே வேணும்னு முட்டையத் தின்ன வச்சிருக்கா டீச்சர்" என்றாள் அம்மா.

டீச்சர் மெஹரைப் பார்த்தார். "தட்ட மாத்திக் குடுத்தது நீயா?" என்றார். குரலில் கோபத்தைவிட, இல்லை என்று சொல்லிவிடேன் என்ற கெஞ்சல்தான் இருந்தது. மெஹர் பதில் சொல்லுமுன் என்னைப் பார்த்தாள். நான் தரையில் கிடந்த வலையின் கண்ணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா டீச்சர். பாக்காமக் குடுத்திட்டேன்" என்றாள்.

"பாக்காமயா? நீதான் எப்பவும் தின்னு பாத்துக் குடுப்பியாமே?" என்று அம்மா கேட்டாள். அந்த வழக்கத்தை நான்தான் முந்தின இரவு அம்மாவிடம் சொல்லியிருந்தேன், என் கதைக்கு முட்டுக் கொடுப்பதற்காக.

இறுதி ஆட்டத்துக்கு அவளை விட்டுவிட்டுப் போனோம். அம்மா தலைமையாசிரியை வரைக்கும் போவேன் என்றதால் டீச்சர் அப்படி முடிவெடுத்தார். தோற்றோம். திரும்பும்போது காயல்பட்டினம் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது யாரும் இறங்கவில்லை. வகுப்பில் மெஹர் பெஞ்சு மாற்றிக்கொண்டாள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள். எங்கள் பிள்ளையை இப்படிச் சொன்ன இடத்தில் இனி எதற்கு என்று அவள் சாச்சா கேட்டதாக ஜாஸ்மின் வந்து சொன்னாள்.

அதன் பிறகு நான் செய்ததுதான் இன்னும் மோசம். பொய்யைச் சொன்னவளுக்கு அதை நம்பவும் வேண்டியிருந்தது. அதனால் நான் மெஹரை விசாரிக்கத் தொடங்கினேன், அவள் இல்லாமலே. சரியாக அந்த நேரத்தில் ஏன் பூத்துக்குப் போனாள்? பரிமாறியவர் அவள் ஊர்க்காரர்தானே, முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பாளோ? கண்ணாடிக்குப் பின்னால் அவள் சிரித்தது வாப்பாவோடு பேசியா, என்னைப் பார்த்தா? எலுமிச்சம்பழம் எப்படி அவ்வளவு சீக்கிரம் நினைவுக்கு வந்தது? குற்றம் செய்யாதவள் ஏன் ஒப்புக்கொண்டாள்? கல்லூரியில் படிக்கும்போதும், கல்யாணமாகித் தென்காசிக்குப் போன பிறகும், பிள்ளைக்குச் சோறூட்டும்போதும்கூட இந்த விசாரணை நடந்தது. அன்றைக்குப் பிறகு நான் முட்டையைத் தொட்டதில்லை. எவ்வளவு சுத்தமான சைவம் பாருங்கள் என்று மாமியார் வீட்டில் மெச்சினார்கள். நிஜத்தில், ஒருமுறை விரும்பித் தின்றுவிட்டால் அம்மாவிடம் சொன்னது பொய்யாகிவிடும் என்ற பயம்தான் அது.

போன டிசம்பரில் ஜாஸ்மின் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைத்தாள். அவள் இப்போது மேல்நிலைப்பள்ளி ஆசிரியை. யாருடைய எண்ணையும் எங்கிருந்தாவது பிடித்துவிடுவாள். மூன்று பேரும் கேரளத்தில் வர்க்கலைக் கடற்கரைக்கு இரண்டு நாள் போவோம், கணவர்மார் வேண்டாம், பிள்ளைகள் வேண்டாம் என்றாள். மெஹர் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். நாற்பத்தைந்து வயதிலும் அதே நடை, ரயில் பெட்டியில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஏறி இடம் பிடித்தாள். ஏன் வந்தாள், எதைக் கேட்க வந்தாள் என்ற சந்தேகத்திலேயே எனக்குச் செங்கோட்டை தாண்டிய மலையும் குகையும் கண்ணில் படவில்லை. அவள் பேரன் பேச்சும் முழங்கால் வலியும் பேசிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை கடல் பார்த்த ஒரு மேட்டுக் கடையில் உட்கார்ந்தோம். வெள்ளைக்காரர்களுக்கான கடை. பலகையில் கிரேப் என்று மெல்லிசான பிரெஞ்சு தோசை இருபது வகை போட்டிருந்தது. முன்னால் வட்டமான இரும்புக்கல், ஒரு பையன் மாவை ஊற்றி மரக்கட்டையால் சுற்றித் தேய்த்து, மெல்லிசாக எடுத்து நாலாக மடித்து, மேலே சீனியைத் தூவினான். "ஏட்டி, இது நம்ம காக்கா கடை வீச்சுல்லா!" என்று ஜாஸ்மின் கத்தினாள். மூன்று சொல்லிவிட்டு, கடலைப் படமெடுக்க ஓடிவிட்டாள். எனக்கு முட்டை இல்லாமல் என்று பையனிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். அவன் தலையை ஆட்டிய விதத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தட்டு வந்தது. நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகத் தட்டை மெஹர் பக்கம் நகர்த்தியது. நகர்த்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். மெஹர் தட்டைப் பார்த்தாள். சீனி இளகிக்கொண்டிருந்தது. அவள் அதை என் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"நீயே பாத்துக்கோ கோமு. ஒனக்குத்தான் ருசி தெரியுமே" என்றாள்.

ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது.

"முட்டை இருக்கு" என்றேன்.

"ம்" என்றாள்.

"அன்னைக்கும் தெரியும் மெஹர். தெரிஞ்சேதான் தின்னேன்."

"அது எனக்குத் தெரியாதா? தட்ட நக்கி வச்சிருந்தியே" என்றாள். லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. "தின்னது ஒரு விசயமே இல்ல புள்ள. ஒங்கம்மாகிட்ட எதுக்கு எம்பேரச் சொன்ன? அதத்தான் இத்தனை வருசமா நெனைச்சிட்டு இருக்கேன்."

"பயம்" என்றேன்.

"எனக்குந்தான் பயமா இருந்துச்சு, அந்த ரூம்ல" என்றாள் மெஹர்.

மன்னித்துக்கொள் என்று கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன். சரி விடு என்றாள். என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஜாஸ்மின் திரும்பி வந்து, இரண்டு பேரும் எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டபோது, வெங்காயம் நறுக்குகிறார்கள் என்று சொன்னதும் மெஹர்தான். அந்தக் கடையில் வெங்காயமே கிடையாது. அந்த இரண்டு நாளும் நன்றாகத்தான் பேசினாள், சிரித்தாள், ஊருக்குப் போய் இறங்கியதும் போன் பண்ணினாள். ஆனால் வர்க்கலையில் நாங்கள் சாப்பிட்ட ஐந்து வேளையில் ஒருமுறைகூட அவள் கை என் தட்டுக்கு வரவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

காக்கா கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள், பூத் இருந்த சுவடே இல்லை. அம்மா போய் ஐந்து வருடமாகிறது. வெளியூரிலிருந்து வந்தால் நேராக வீட்டுக்குள் போய்விடுகிறேன், என் கையை யாரும் பிடிப்பதில்லை. திருநெல்வேலியில் தெருவுக்குத் தெரு வீச்சு கிடைக்கிறது, சாக்லேட் ஊற்றிக்கூடத் தருகிறார்கள். நான் எங்கே சாப்பிடப் போனாலும் தட்டு வந்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் சாமி கும்பிடுகிறேன் என்று கூட வந்தவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் மறுத்துச் சொல்வதில்லை.